யோக்யகர்த்தா: போரோபுதூரையும் பிரம்பனானையும் ஒரே நாள்ல பார்க்காதீங்க

#1 செங்காங்_செல்வி

வணக்கம். போன வாரம் இந்தோனேசியாவுல, ஜாவாத் தீவுல இருக்கிற யோக்யகர்த்தா போயிட்டு வந்தோம், நானும் என் தோழியும். உயர்நிலை ஒண்ணுல பக்கத்துப் பக்கத்துல உட்கார ஆரம்பிச்ச சிநேகம், இப்போ ரெண்டு பேருக்குமே ஐம்பது தாண்டியாச்சு. குடும்பம் இல்லாம நாங்க மட்டும் போன முதல் பயணம் இது. நாலு நாளைக்குக் குழம்பு வச்சு, உறைய வச்சு, டப்பா மேல கிழமை எழுதி ஒட்டிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தா வெள்ளிக்கிழமை டப்பா தொடாம அப்படியே இருக்கு. அன்னைக்கு எல்லாரும் கோப்பிக்கடைக்குப் போயிட்டாங்களாம். அது வேற கதை.

நாங்க பண்ண தப்பை நீங்களும் பண்ணக்கூடாதுன்னுதான் எழுதுறேன். என் தோழிக்கு எங்க போனாலும் எல்லாத்தையும் பார்த்து முடிச்சாகணும். போன்ல பட்டியல் வச்சிருப்பா, ஒண்ணொண்ணா டிக் அடிப்பா. அவ சொல்லி, சிங்கப்பூர்ல இருந்தே இணையத்துல ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். விடிகாலை மூணு மணிக்கு ஹோட்டல் வாசல்ல வேன். செதும்பு குன்றுல சூரிய உதயம், கோழி மாதிரி இருக்கிற ஒரு ஜெப வீடு, போரோபுதூர் பௌத்தக் கோயில், மெராபி எரிமலை அடிவாரத்துல ஜீப், வெள்ளி நகைப் பட்டறை, கடைசியா பிரம்பனான் இந்துக் கோயில். படிக்கும்போதே மூச்சு வாங்குதா?

குன்றுல ஒரே மூடுபனி. சூரியன் வந்துச்சா இல்லையான்னே தெரியல. தோழி அதுக்கும் டிக் அடிச்சா.

போரோபுதூர்ல மேல ஏறணும்னா தனிச்சீட்டு. வெளிநாட்டுக்காரங்களுக்கு 455,000 ரூபியா, நாங்க மாத்தின கணக்குல கிட்டத்தட்ட 37 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு நாளைக்கு 1,200 பேரைத்தான் ஏத்துறாங்க, அதனால நேரம் குறிச்சு முன்னாடியே வாங்கிடுங்க. கல்லு தேயுதுன்னு நம்ம செருப்பைக் கழட்டி வைக்கச் சொல்லி, தாழை ஓலையில பின்னின செருப்பு ஒரு ஜோடி தர்றாங்க. பேரு உபானத். அதை வீட்டுக்கே எடுத்துட்டு வரலாம். "37 வெள்ளிக்கு ஒரு செருப்பாவது மிஞ்சுச்சு"ன்னா தோழி.

மேல வழிகாட்டி கூடத்தான் போகணும். எங்களுக்குக் கிடைச்சது ஒரு மணி நேரம். அங்கே இருக்கிற சிற்பப் பலகை 2,672. நீங்களே வகுத்துப் பாருங்க, ஒரு பலகைக்கு ஒண்ணரை வினாடி கூட வராது. ஒரு இடத்துல பெரிய பாய்மரக் கப்பல். பக்கவாட்டுல நீளமா மிதவைக் கட்டை, பாய்க் கயித்துல தொத்திக்கிட்டு வேலை பார்க்கிற ஆளுங்க. அதுல கண்ணை வச்சிட்டு நிக்கிறேன், "மேடம், மேல, மேல"ங்கிறார் வழிகாட்டி. உச்சியில 72 ஓட்டைத் தூபி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புத்தர். கீழ் ரெண்டு வட்டத்துல ஓட்டையெல்லாம் சாய்சதுரம், மேல் வட்டத்துல மட்டும் நேர்ச்சதுரம். தோழி ஒரு ஓட்டையில கண்ணை வச்சுட்டு, "உள்ளே இருக்கிறவர் நம்மளைப் பார்க்கல, மலையைப் பார்த்துட்டு இருக்கார்"னா. நாள் முழுக்க அவ நின்னு பார்த்தது அந்த ஒண்ணைத்தான்.

அப்புறம் ஜீப்புல புழுதி குடிச்சோம். வெள்ளிப் பட்டறையில, வாங்கவே மாட்டோம்னு சொன்ன பிறகும் ஒரு மணி நேரம் உட்கார வச்சாங்க. பிரம்பனான் வாசல்ல இறங்கினப்போ மணி நாலு பத்து. "நாப்பத்தஞ்சு நிமிஷம்" அப்படின்னார் ஓட்டுநர்.

எனக்கு அழுகை வராத குறை. 47 மீட்டர் உயரத்துக்கு சிவன் கோயில், ரெண்டு பக்கமும் பிரம்மாவும் பெருமாளும். தோழி புல்வெளியில நின்னு படம் எடுக்கப் போயிட்டா, நான் படியேறி ஓடினேன். கிழக்கே சிவன். வடக்கே துர்க்கை. மேற்கே பிள்ளையார். தெற்கு அறையில யாருன்னு நான் படிச்சிட்டுப் போகல. உள்ளே கும்மிருட்டு. போன் விளக்கை அடிச்சேன். முதல்ல தொந்தி தெரிஞ்சது. அப்புறம் தாடி. அப்புறம் கமண்டலம். "அட, நம்ம அகத்தியர்!"னு வாய்விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன ஜாவாக்காரப் பொண்ணு திரும்பிப் பார்த்து, "அகஸ்த்யா, அகஸ்த்யா"ன்னு தலையாட்டுச்சு.

கைலாயத்துல கல்யாணம் பார்க்க எல்லாரும் கூடி வடக்கு தாழ்ந்துபோச்சுன்னு இவரைத் தெற்கே அனுப்பினதாச் சொல்வாங்களே, இங்கேயும் தெற்குப் பக்கத்துல தனியா நிக்கிறார். ரெண்டு நிமிஷம் பார்த்திருப்பேன். காவலாளி விசில் ஊதிட்டார்.

#2 கோப்பி_ஓ_கொசோங்

அக்கா நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு லீவு கிடையாது. வெள்ளி ராத்திரி போய் ஞாயிறு ராத்திரி வரணும், நானும் ஓபிஸ் கூட்டாளியும். ரெண்டையும் சனிக்கிழமையே முடிச்சிட்டு ஞாயிறு சும்மா மாலியோபோரோ தெருவுல சுத்தலாம்னு இருந்தோம். அவ்ளோ மோசமாவா இருக்கும்?

#3 செங்காங்_செல்வி

தம்பி, சனிக்கிழமை போரோபுதூர், ஞாயிறு காலையில பிரம்பனான். மாலியோபோரோ ராத்திரியிலதான் நல்லா இருக்கும், அதை சனி ராத்திரிக்குத் தள்ளுங்க. ரெண்டு கோயிலும் ஊருக்கு எதிரெதிர்ப் பக்கம். போரோபுதூர் வடமேற்கே, பிரம்பனான் கிழக்கே ஒரு 17 கிலோமீட்டர். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேலயே ஆகும். புது விமான நிலையம் ஊரை விட்டுத் தள்ளி மேற்கே இருக்கு, ஆனா அங்கிருந்து நேரா ரயில், 40 நிமிஷத்துல ஊருக்குள்ள விட்டுடும். நேரம் நம்மளை விட ஒரு மணி பின்னாடி, அது உங்களுக்கு லாபம்.

வெள்ளிப் பட்டறை வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க. எங்களுக்குச் சொல்லத் தெரியல.

#4 ஓய்வுபெற்ற_ஆசான்

செல்வி அவர்களின் பதிவைப் படித்ததும் பழைய நினைவு வந்தது. நான் 2007இல் சென்றேன். அதற்கு முந்தைய ஆண்டு மே 27ஆம் தேதி நிலநடுக்கம் வந்து பிரம்பனானில் கற்கள் சரிந்திருந்தன. சிவன் கோயிலைச் சுற்றி வேலி. நான் அகத்தியரைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்த இரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. நம் ஆற்றோரம் கைகட்டிச் சிலையாக நிற்கிறாரே ஆங்கிலேயர் ராஃபிள்ஸ், அவர் இங்கே வருவதற்கு முன் 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்டவர். மண்ணும் மரமும் மூடிக் கிடந்த போரோபுதூரைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1814இல் கொர்னேலியஸ் என்ற டச்சுப் பொறியாளரை அனுப்பினார். இருநூறு ஆட்கள் காட்டை வெட்டி மண்ணை அள்ளினார்கள். "கண்டுபிடித்தார்" என்று எழுதுவது வழக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரியும். அவர்களைக் கேட்டுத்தான் இவருக்கே தெரிந்தது.

அவர் கீழ் ஜாவாவில் வேலை பார்த்தவர்தான் காலின் மெக்கன்சி. பிரம்பனானைப் பார்த்துக் குறிப்பு எழுதியவர். தமிழ்நாட்டில் ஊர் ஊராக வரலாற்றுச் சுவடிகளைத் திரட்டிய அதே மெக்கன்சி. அந்தச் சுவடிகள் இன்றும் சென்னையில் இருக்கின்றன. ஒரே மனிதர் நம் ஊர்ச் சுவடிகளையும் பார்த்து, கடல் கடந்து அகத்தியர் நிற்கும் கோயிலுக்கும் வந்திருக்கிறார் என்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பையன்கள் கொட்டாவிதான் விடுவார்கள்.

இன்னொன்று. போரோபுதூரின் அடித்தளத்தில் 160 சிற்பப் பலகைகள் கல் அடுக்கால் மறைக்கப்பட்டிருக்கின்றன. 1885இல்தான் வெளியே தெரிந்தது. கற்களைப் பகுதி பகுதியாக எடுத்து, காசியான் செஃபாஸ் என்ற ஜாவாக்காரர் ஒவ்வொன்றையும் படம் பிடித்தார். பிறகு மறுபடியும் மூடிவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்வினை தீவினைக் கதைகள். இறங்கிய பிறகு தாராளமாக நின்று பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

#5 கடாரம்_கொண்டான்

அகத்தியர் சிலை இருக்குன்னா அது யார் கட்டினதுன்னு சொல்லணுமா? ராஜேந்திர சோழன் கடாரம் வென்றான், ஸ்ரீவிஜயம் வென்றான், ஜாவாவுல கோயில் எழுப்பினான். தமிழன் கட்டினதை டச்சுக்காரன் வந்து வேற யார் பேரிலயோ எழுதிட்டான். நம்ம ஆளுங்களே இதைப் பேசலன்னா எப்படி?

#6 ஓய்வுபெற்ற_ஆசான்

தம்பி, ஆர்வம் நல்லது. கணக்கு இடிக்கிறதே. ராஜேந்திரன் படையெடுத்தது 1025. பிரம்பனான் ஒன்பதாம் நூற்றாண்டு நடுவில் கட்டியது. 856ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, இப்போது ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சிவன் கோயில் எழுப்பியதையும் அதற்காக ஆற்றின் போக்கைத் திருப்பியதையும் சொல்கிறது. அதன் மொழி பழைய ஜாவா மொழி. ராஜேந்திரனின் தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் முந்தைய காலத்துச் சமாசாரம். போரோபுதூர் அதற்கும் முந்தியது. போதாததற்கு, பத்தாம் நூற்றாண்டிலேயே அந்த அரசு நடு ஜாவாவை விட்டுக் கிழக்கு ஜாவாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சோழர் கப்பல் ஏறிய நாளில் பிரம்பனானில் விளக்கேற்ற ஆள் இருந்தார்களோ என்னவோ.

கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள். கற்றுக்கொண்டது எங்கெங்கிருந்தோ. அதில் தென்னாட்டுப் பங்கு உண்டு. 732ஆம் ஆண்டுச் சங்கல் கல்வெட்டு பல்லவ எழுத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அகத்தியர் வழிபாடும் அங்கே பழையது. கிழக்கு ஜாவாவில் தினோயோ என்ற இடத்துக் கல்வெட்டு, ஆண்டு 760. பழைய மரச்சிலைக்குப் பதிலாகக் கருங்கல்லில் அகத்தியர் சிலை செய்து வைத்ததாக அரசன் சொல்கிறான். பழைய மரச்சிலை என்றால் அதற்கு முன்பே எத்தனை தலைமுறை கும்பிட்டிருக்க வேண்டும்? அகத்தியரைச் சோழர் கப்பலில் ஏற்ற வேண்டாம். அவர் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தமிழன் பெயர் வேண்டுமென்றால் சுமத்ராவில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்ததைப் பாருங்கள். 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. அதை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது.

#7 கடாரம்_கொண்டான்

சரி சார். லோபு துவா விஷயம் எனக்குத் தெரியாது. படிக்கிறேன். ஆனா தாத்தாவுக்குத் தாத்தான்னு சொன்னது கொஞ்சம் ஓவர்.

#8 ஓய்வுபெற்ற_ஆசான்

856இல் தஞ்சையில் விஜயாலயன். அங்கிருந்து ராஜேந்திரன் வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் பற்றாது.

#9 ஜூரோங்_பாலா

நடுவுல புகுந்து கேட்கிறேன். நான் இந்திய பாஸ்போர்ட், இங்க ஒர்க் பாஸ். என் ரூம்மேட் சிங்கப்பூர் பாஸ்போர்ட். அவனுக்கு விசா வேணாம், எனக்கு? போன தடவை வேற ஒரு நாட்டுக்குப் போனப்போ அவன் வெளிய போய் பர்கர் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் நான் கவுண்டரை விட்டு வந்தேன். 😭

#10 தோ_பாயோ_தாரிணி

பாலா, என் வீட்டுக்காரரும் இந்திய பாஸ்போர்ட்தான். இந்தோனேசியாவுக்குப் போய் இறங்கியும் விசா வாங்கலாம், கிளம்புறதுக்கு முன்னாடி இணையத்துலயும் வாங்கலாம், 500,000 ரூபியா. இணையத்துல வாங்கிட்டா பணம் கட்டுற வரிசையில நிக்க வேண்டாம். அரசாங்கத் தளத்துக்கே போங்க, தேடினா முதல்ல வர்றது பாதி இடைத்தரகர் தளம், கூடக் காசு பிடுங்குவான். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாசம் ஆயுள் இருக்கான்னு பார்த்துக்கோங்க. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா கிடையாது. உங்க ரூம்மேட் இந்தத் தடவையும் பர்கர் சாப்பிடுவார். 😄

செல்வி அக்கா, அந்த நாப்பத்தஞ்சு நிமிஷத்தோட கதை முடிஞ்சிடுச்சா? அடுத்த நாள் என்ன பண்ணீங்க? தோழிகிட்ட சண்டை போட்டீங்கதானே, உண்மையைச் சொல்லுங்க.

#11 செங்காங்_செல்வி

சண்டை இல்ல. சண்டை வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வேன்ல திரும்பி வர்ற வழி முழுக்க நான் பேசவே இல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேலான பழக்கத்துல நான் பேசாம இருந்தா அது என்னன்னு அவளுக்குத் தெரியும். ஹோட்டல்ல வந்து பட்டியலை எடுத்துப் பார்த்துட்டு இருந்தா. மறுநாளைக்கு ஒரு கடற்கரை, ஒரு குகை, ஒரு அருவி இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏய், அந்தத் தாடிக்காரரை நான் பார்க்கவே இல்லடி, நாளைக்கு மறுபடியும் போலாமா?"ன்னா. நான் சரின்னு கூடச் சொல்லல. அலாரம் வச்சேன்.

காலையில ஆறே முக்காலுக்கு வாசல்ல இருந்தோம். கிராப் பிடிச்சுத்தான் போனோம். மறுபடியும் சீட்டுக்குக் காசு, அது எங்க தப்புக்கு நாங்க கட்டின அபராதம். அந்த நேரத்துல கூட்டமே இல்ல. பள்ளிப் பிள்ளைங்க பேருந்து வர ஒன்பது ஆச்சு.

நான் முதல்ல இராமாயணச் சுவரைப் பிடிச்சேன். சிவன் கோயில் சுத்து மாடத்துல, கைப்பிடிச் சுவரோட உள்பக்கம் முழுக்கக் கதை. கிழக்குப் படியேறி இடது பக்கம் திரும்பி, கோயிலை வலம் வர்ற மாதிரியே நடந்தா வரிசையா வரும். பாம்பு மேல பெருமாள்ல ஆரம்பிக்குது. சீதையைத் தூக்கிட்டுப் போறது, ஜடாயு, வாலி சுக்ரீவன் சண்டை எல்லாம் தாண்டி, வானரங்க கடல்ல கல்லைப் போட்டு அணை கட்டுறதோட இந்தக் கோயில் சுவர் முடியுது. அந்தக் கடல்ல மீனுங்க வாயில கல்லைக் கவ்விட்டு இருக்கு! போடுற கல்லை முழுங்குதா, எடுத்துட்டுப் போகுதா? எங்க பாட்டி சொன்ன கதையில இந்த மீன் கிடையாது. மிச்சக் கதைக்கு இறங்கி பிரம்மா கோயிலுக்குப் போகணும். பெருமாள் கோயில்ல இராமர் இல்ல, கண்ணன் கதை.

தோழி எங்கேன்னு தேடினா, வெளிச்சுவர்ல கீழ் வரிசையில குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கா. சின்ன மாடத்துக்குள்ள ஒரு சிங்கம் முன்னங்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கும், ரெண்டு பக்கமும் கற்பக மரம். அந்த மரத்தடியில ஒவ்வொண்ணுலயும் வேற வேற உயிர். ஒண்ணுல மயில், ஒண்ணுல குரங்கு, ஒண்ணுல மான், ஒண்ணுல பாதி மனுஷி பாதி பறவையா கின்னரி. "இதுல முயல் இருக்குடி, பக்கத்துல இல்ல, நான் சரிபார்த்துட்டேன்"ங்கிறா. எண்ணுற புத்தி போகல, எண்ணுற பொருள் மாறிடுச்சு.

வடக்கு அறை துர்க்கைகிட்ட அவளுக்குப் பேச்சே இல்ல. எட்டுக் கை. எருமை மேல நிக்கிறா. ஒரு கையில எருமை வாலு, இன்னொரு கையில அதுக்குள்ளேருந்து வர்ற குள்ள அசுரனோட தலைமுடி. முகத்துல கோபமே கிடையாது, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க உட்கார வச்ச மாதிரி பிடிச்சிருக்கா. ஊர்க்காரங்க அவளைத் துர்க்கைன்னு சொல்றதில்ல, ரோரோ ஜொங்கிராங்னு ஒரு இளவரசி. பிடிக்காத மாப்பிள்ளை, பேரு பண்டுங் பொண்டோவோசோ. ஒரே ராத்திரியில ஆயிரம் கோயில் கட்டினா கட்டிக்கிறேன்னாளாம். அவன் பூதங்களை விட்டுக் கட்டிட்டே வர்றான். பயந்துபோய் ஊர்ப் பெண்களை எழுப்பி நெல்லு இடிக்கச் சொல்லி, கிழக்கே தீ வைக்கச் சொன்னா. விடிஞ்சிடுச்சுன்னு சேவல் கூவ, பூதமெல்லாம் ஓடிப்போச்சு. 999தான் தேறுச்சு. கோபத்துல அவளையே ஆயிரமாவது சிலையா நிக்கச் சபிச்சுட்டான். தோழி கேட்டுட்டு, "கல்யாணத்துக்கு இது தேவலாம்"னா. (அவ வீட்டுக்காரர் இங்கே படிக்க மாட்டார், எழுதலாம்.)

உண்மையில அந்த வளாகத்துல 240 கோயில் இருந்துச்சாம். நடுமுற்றத்துல 16, சுத்தி நாலு வரிசையில 224 சின்னக் கோயில். இப்போ சுத்தி வர வெறும் கல் குவியல். பழைய கல்லு முக்கால்வாசி கிடைச்சாத்தான் ஒரு கோயிலை எழுப்புவாங்களாம், இல்லன்னா குவியலாவே விட்டுடுவாங்க. சிவன் கோயிலை இப்படிச் சேர்த்து முடிக்கவே 1953 ஆயிடுச்சு. புதுக்கல்லு வச்சு ஒப்பேத்தாம குவியலைக் குவியலாவே விட்டிருக்கிறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நம்ம ஊர்ல திருப்பணின்னா முதல் வேலை பெயின்ட் டப்பா.

அகத்தியர்கிட்ட ரெண்டு பேரும் கால் மணி நேரம் நின்னோம். தோழிதான் விளக்கைப் பிடிச்சா. பக்கத்துல நீளமா சூலம், தோள்ல சாமரம். "நம்ம தமிழ் வாத்தியாரோட தொப்பை"ன்னா. உயர்நிலை மூணுல எங்களுக்கு இருந்தார், தாடி கிடையாது, மத்தபடி அச்சு அசல் அப்படியே. அந்த இருட்டுல ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல காவலாளி எட்டிப் பார்த்தார்.

அதே வளாகத்துல வடக்கே முக்கால் கிலோமீட்டர் நடந்தா செவு, பௌத்தக் கோயில் கூட்டம், பிரம்பனானை விடப் பழசு. வாசல்ல ஆளை விடப் பெரிய துவாரபாலகர், கதாயுதத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கார். நாங்க போனப்போ எங்க ரெண்டு பேரையும் ஒரு கோழியையும் தவிர யாரும் இல்ல. அதுக்குத் தனிக்காசு கிடையாது. கட்டாயம் போங்க.

#12 பொங்கோல்_பயணி

இதுக்கெல்லாம் ஜாவா எதுக்கு? அங்கோர் வாட் போங்க, ஒரே இடத்துல எல்லாம் இருக்கு. மூணு நாள் சீட்டு 62 அமெரிக்க டாலர், பத்து நாளைக்குள்ள எப்போ வேணும்னாலும் பயன்படுத்தலாம். அவசரமே இல்ல.

#13 தோ_பாயோ_தாரிணி

அங்கோரும் போயிருக்கேன். அதுவும் மூணு நாள்ல ஓடி ஓடிப் பார்க்கிற ஆளுக்கு ஓட்டம்தான். ஆனா ஒண்ணு, அங்க பண்டியாய் ஸ்ரேன்னு 967ஆம் ஆண்டுச் செந்நிற மணற்கல் கோயில். ஆடுற சிவனுக்குக் கீழ ஓரமா எலும்பும் தோலுமா ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். காரைக்கால் அம்மையார்! செல்வி அக்கா அகத்தியரைப் பார்த்துக் கத்தின மாதிரி நானும் அங்க கத்தினேன்.

#14 செங்காங்_செல்வி

தாரிணி!!! அடுத்த வருஷத்துக்கு இடம் முடிவாயிடுச்சு. இதைத் தோழிகிட்ட சொன்னா பட்டியல் போட ஆரம்பிச்சுடுவா, அதனால விமானச் சீட்டு வாங்கின பிறகுதான் சொல்லப் போறேன்.

#15 ஜூரோங்_பாலா

நான் சைவம். அங்க பட்டினியா?

#16 செங்காங்_செல்வி

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனா கேட்டுச் சாப்பிடணும். அந்த ஊர்ச் சாப்பாடு குடெக். பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் போட்டு மணிக்கணக்கா வேகவச்சது. பார்த்தா நம்ம பலாக்கொட்டைப் பிரட்டல் மாதிரி பழுப்பா இருக்கும், வாயில வச்சா இனிப்பு. சைவம்னு நம்பி உட்கார்ந்துடாதீங்க. பக்கத்துல சிவப்பா ஊறின ஒண்ணு வைப்பாங்க, க்ரெச்செக். அது மாட்டுத்தோல். கோழியும் முட்டையும் கூட வரும். "தன்பா க்ரெச்செக், தன்பா ஆயாம்"னு, அதாவது அதுவும் கோழியும் இல்லாமன்னு, நமக்குத் தெரிஞ்ச மலாயிலேயே சொல்லிடலாம், புரிஞ்சுக்கிறாங்க. தெம்பேயும் (புளிக்க வச்ச சோயா) தாவ்வும் (டோஃபு) எல்லாக் கடையிலயும் உண்டு. தோழி ஊறுகாய் பாட்டிலோட வந்திருந்தா. முதல் நாள் திட்டினேன், ரெண்டாம் நாள் நான்தான் காலி பண்ணேன்.

#17 கோப்பி_ஓ_கொசோங்

அக்கா, வாரக் கடைசியில போயிட்டு வந்துட்டோம். நீங்க சொன்ன மாதிரியே சனி ஒண்ணு, ஞாயிறு ஒண்ணு. கூட்டாளி முதல்ல முணுமுணுத்தான், "ரெண்டு நாள் லீவுல ரெண்டே ரெண்டு கோயிலா?"ன்னு. போரோபுதூர்ல ஆசான் சார் சொன்ன தென்கிழக்கு மூலைக்குப் போனோம். வெயில் சாய்வா விழுந்தப்போ சிற்பமெல்லாம் நல்லா எடுப்பாத் தெரிஞ்சது. உச்சியில ஒருத்தர் தூபிக்குள்ள கையை விட்டுப் புத்தரைத் தொடப் பார்த்தார். அதிர்ஷ்டம்னு பழைய நம்பிக்கையாம், இப்போ தடை. காவலாளிகிட்ட செம வாங்கு வாங்கினார்.

பிரம்பனானுக்கு டார்ச் எடுத்துட்டுப் போனேன், தேக்காவுல அஞ்சு வெள்ளிக்கு வாங்கினது. சரியா அகத்தியர் முன்னாடி போய் நின்னதும் அணைஞ்சிடுச்சு. தட்டித் தட்டிப் பார்த்தேன், ம்ஹூம். கூட்டாளி போனை எடுக்கிறதுக்குள்ள பின்னாடி ஒரு வயசானவர், ஊர்க்காரர், தன் டார்ச்சை என் தோள் வழியா அடிச்சார். வெளிச்சம் நேரா தாடியில விழுந்துச்சு. அவர் என்னமோ சொன்னார், எனக்குப் புரியல. "குரு"ங்கிற வார்த்தை மட்டும் கேட்டுச்சு.

ஆசான் சார், அவரை அங்க குருன்னு சொல்வாங்களா?

#18 ஓய்வுபெற்ற_ஆசான்

சொல்வார்கள். ஜாவாவில் அந்த உருவத்துக்குப் படாரா குரு, சிவகுரு என்றெல்லாம் பெயர் உண்டு. நான் ஓய்வு பெற்ற குரு. டார்ச்சுக்கு என்னிடம் கேட்டிருந்தால் நல்ல கடை சொல்லியிருப்பேன்.

#19 தோ_பாயோ_தாரிணி

ஜூன் லீவுக்கு நாங்களும் போறோம்! மழை இருக்காதுல்ல? பிள்ளைங்களுக்கு இராமாயண நாட்டியம் காட்டணும்.

#20 செங்காங்_செல்வி

ஜூன் நல்ல நேரம், மழைக்காலம் மார்ச்சோட பெரும்பாலும் முடிஞ்சிடும். நாட்டியம் மே முதல் அக்டோபர் வரைக்கும் திறந்தவெளி மேடையில, பின்னாடி கோயில் விளக்கு வெளிச்சத்துல தெரியும். மழை மாசத்துல உள்ளரங்கத்துக்கு மாத்திடுவாங்க. எல்லா நாளும் கிடையாது, தேதி பார்த்துட்டு விமானம் போடுங்க.

தாரிணி, ஒரு உதவி. என் தோழி அந்த ஓலைச் செருப்பைத்தான் இப்போ எங்கேயும் போட்டுட்டுப் போறா. குப்பை போட, கீழ் தளத்துல அஞ்சல் பெட்டி பார்க்க, சந்தைக்குக் கூட. நேத்து தேக்கா ஈரச்சந்தையில மீன் கடை முன்னாடி வார் அறுந்துடுச்சாம். ஒரு கால்ல உபானத்தும் இன்னொரு கால்ல பிளாஸ்டிக் பையுமா வீடு வந்து சேர்ந்திருக்கா. உங்க வீட்டுல நாலு பேரும் மேல ஏறுவீங்கன்னா ஒரு ஜோடி மிச்சம் பிடிச்சுத் தர முடியுமா? அளவு 38.